மாதாவின் கிரீடமும் டெனிஷின் ‘ஆமா’வும்

குற்றம் செய்யாதவன் ‘நான் செய்யவில்லை’ என்று அழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்தவனும் அப்படித்தான் அழுவான். சொல்லப்போனால் அவன் இன்னும் கொஞ்சம் நன்றாகவே அழுவான். ஆனால் செய்யாதவன் ‘நான்தான் செய்தேன்’ என்று ஒற்றைக் காலில் நின்றால் எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பிழைப்பது?

எங்களைப் போன்றவர்கள் என்றால் இரண்டே பேர்தான். குழித்துறை கோர்ட்டுக்கு எதிரே, பேக்கரிக்கு மாடியில் ‘பெமிலா துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை தொங்கும். பெமிலா அக்கா துப்பறிவார். கிருஷ்ணமணி ஆகிய நான் ஸ்கூட்டர் ஓட்டுவேன், கீழே இறங்கிப் பழம்பொரி வாங்கி வருவேன், இடையிடையே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வேன். அக்கா பல வருடம் கோர்ட்டில் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைப் பிரித்துக் கட்டியவர். பொய் சொல்லுகிறவர்களை அத்தனை பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு சும்மா இருக்க முடியாமல் விருப்ப ஓய்வு வாங்கி இந்தத் தொழிலுக்கு வந்தார்.

அன்று காலை முதல் பழம்பொரியை அக்கா பாதிதான் கடித்திருந்தார். நர்ஸ் உடையில் ஒரு பெண் படியேறி வந்தாள். பெயர் அபினா. மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. இரவு டியூட்டி முடிந்து தூங்காமல் நேரே வந்திருக்கிறாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

“அக்கா, டெனிஷ் இன்னைக்கு ‘ஆமா’ன்னு சொல்லப் போறான். எப்பிடியாவது தடுக்கணும்.”

“கல்யாணத்துக்கா?” என்றேன் நான்.

“ஏலே, நீ சும்மா இரி,” என்றார் அக்கா. “எந்த டெனிஷ்? சங்குவிளை மாதா கிரீடக் கேசா?”

அபினா தலையை ஆட்டினாள். அந்த வழக்கு எங்களுக்கும் தெரியும். சங்குவிளை கடற்கரையில் உள்ள கத்தோலிக்க ஊர். ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டுச் செய்து, பொன்முலாம் பூசிய கிரீடம் ஒன்று அங்கே மாதா தலையில் இருந்தது. இந்த வருடம் ஈஸ்டர் இரவுப் பூசையில் பார்த்தால் தலை மட்டும் இருக்கிறது, கிரீடத்தைக் காணோம். கோயில் கமிட்டி செக்கரட்டரி சகாயம் புகார் கொடுத்தார். போலீஸ் விசாரித்ததில், அதற்கு இரண்டு நாள் முன்னால், பெரிய வியாழன் இரவு, வெளியூர்ப் பையன் ஒருவன் கோயில் மதிலைத் தாண்டிக் குதித்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். அவன்தான் டெனிஷ். திற்பரப்பு பக்கத்துக்காரன், வெல்டர், வளைகுடா வேலைக்கு விசா வந்து கையில் வைத்திருப்பவன். சிஎஸ்ஐ சபை, அதாவது சுரூபம் வைக்காத புராட்டஸ்டன்ட் பக்கம். அவனுக்கு அந்தக் கோயிலில் அந்த நேரத்தில் என்ன வேலை என்று கேட்டதற்கு அவன் வாயே திறக்கவில்லை. கிரீடமும் கிடைக்கவில்லை. ஆற்றில் வீசிவிட்டான் என்று எழுதிப் போலீஸ் கேசை முடித்துவிட்டது.

“அவன் என்னைப் பாக்கத்தான் வந்தான்,” என்றாள் அபினா. “எங்க வீடு கோயில் மதிலுக்கு உள்ளதான். எனக்க அப்பா அல்போன்ஸ்தான் அங்க கோயில்பிள்ளை, மணியடிச்சி வெளக்குப் போட்டுக் கோயிலப் பாத்துக்கிடுதவரு. சிஎஸ்ஐ பயன்னா அப்பாவுக்குக் கண்டுகூடாது. அதுகொண்டு மதில் சாடி வந்தான். என் பேரு வெளிய வந்திரப்பிடாதுன்னு போலீஸ்ல வாயத் தெறக்கல்ல. இப்பம் ஜாமீன்ல நிக்கிதான். இன்னைக்கு உச்சைக்குப் பெறகு கோர்ட்டுல சார்ஜ் வாசிப்பாங்களாம். வாதாடண்டாம், நான் குற்றத்த ஒத்துக்கிடுதேன்னு வக்கீல்கிட்ட சொல்லிட்டானாம்.”

“அவன் எடுக்கல்லன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் அக்கா.

“அவன் எடுத்தா ஒளிச்சி வெக்கத் தெரியாதுக்கா. எனக்கு வாங்கின பிறந்தநாள் சேலையைக்கூட மொத நாளே சொல்லிட்டான்.”

இதைவிட நல்ல சாட்சியம் கோர்ட்டில்கூட அபூர்வம். அக்கா பழம்பொரியைக் கீழே வைத்துவிட்டார். அது சாதாரண விஷயம் இல்லை.

“மணி, இன்னைக்கு என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியுமா?” என்று என்னிடம் கேட்டார்.

“போலீஸ் குற்றப்பத்திரிகை குடுத்தாச்சு. அதை வாசிப்பாங்க.”

“அதில்ல. குற்றப்பத்திரிகை போலீசுக்க பேச்சு. இன்னைக்கு வாசிக்கப்போறது கோர்ட்டுக்க பேச்சு. நடுவர் அம்மா பேப்பரெல்லாம் படிச்சிட்டு, கேசுல ஒண்ணும் இல்லன்னா இங்கயே விடுவிச்சிரலாம். இருக்குன்னா, எந்த நாளு, எந்த எடம், என்ன செய்தான்னு தன் கையால குற்றச்சாட்ட எழுதி அவன நிறுத்தி வாசிப்பாங்க. வாசிச்சி முடிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி: ஒத்துக்கிடுதியா, விசாரணை வேணுமா? விசாரணைன்னா சாட்சி, குறுக்கு விசாரணை, வருசக்கணக்கு. ‘ஆமா’ன்னா அந்த எடத்துலயே கதை முடிஞ்சி. ஜெயில்.”

அபினா முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா எழுந்து செருப்பை மாட்டினார்.

டெனிஷ் கோர்ட் வளாகத்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு. பக்கத்தில் அவனுடைய வக்கீல் செல்வதாஸ், கட்சிக்காரன் வாதாட வேண்டாம் என்று சொன்னதில் மனம் நொந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. “மக்கா, எப்பிடி எடுத்தே?”

“பெரிய வியாழன் ராத்திரி எல்லாரும் போன பெறகு உள்ள போனேன்,” என்றான் அவன், மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல. “மாதா தலைல கிரீடம் வெளக்கு வெட்டத்துல மின்னிச்சி. ஆசை வந்துட்டு. ஸ்டூல்ல ஏறி எடுத்தேன்.”

“எடுத்து?”

“குழித்துறை ஆத்துல எறிஞ்சிட்டேன்.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “ஆசைப்பட்டு எடுத்தத எதுக்குடே ஆத்துல எறிஞ்சே? அதுக்கு இம்புடு தூரம் வரணுமா? ஒங்க ஊருல அருவியே இருக்கே.”

டெனிஷ் தரையைப் பார்த்தான். அக்கா என் காலை மிதித்தார். பிறகு, வெயில் எப்படி என்று கேட்கிற குரலில், “சரி, நீ ஒத்துக்கிடல்லன்னு வெச்சிக்க. விசாரணைல மொத சாட்சி சகாயம். ரெண்டாவது யாரு தெரியுமா?” என்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“கோயில்பிள்ளை அல்போன்ஸ்.”

டெனிஷின் கை சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கியது. “அவரயெல்லாம் எதுக்குக் கூண்டுல ஏத்தணும்? நான் ஒத்துக்கிடுதேன்லா. முடிச்சிரலாம்,” என்றான். 

“வண்டிய எடு,” என்றார் அக்கா. “சங்குவிளைக்கு.”

உச்சி வேளைக்குள் போய்த் திரும்ப வேண்டும். மார்த்தாண்டம் நெரிசலில் என் ஸ்கூட்டர் நடந்து போகிறவர்களிடம் தோற்றுக்கொண்டே போனது. பின்னால் அக்கா யோசித்துக்கொண்டே வந்தார். அவர் யோசிக்கும்போது வண்டியில் கனம் கூடுவதாக எனக்கு ஒரு நினைப்பு. இதை ஒருமுறை சொல்லி அனுபவப்பட்டிருக்கிறேன்.

சங்குவிளைக் கோயிலில் அல்போன்ஸ் மெழுகுவர்த்திக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆகிருதியான மனிதர். வலது முழங்காலில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. மாதா சுரூபம் ஆள் உயரத்துக்கும் மேலே, மாடத்தில் நின்றது. தலையில் ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

“டெனிஷுக்க ஆளுவளா?” என்றார் அல்போன்ஸ், எடுத்த எடுப்பிலேயே. “மாதா சும்மா விடமாட்டா அவன. கோயில்ல கைய வெச்சவன் ஜெயில்ல கெடந்து சாவட்டு.”

“அதுக்குத்தான் அண்ணே வந்திருக்கோம்,” என்றார் அக்கா, எதற்கு என்று சொல்லாமல். “வியாழன் அன்னைக்குக் கிரீடத்தக் கடைசியா எப்பம் பாத்திய?”

“வியாழன் எங்க பாக்க? அதுக்கு முன்னயே மூடியாச்சே.”

“எத மூடியாச்சு?”

“சுரூபத்த எல்லாந்தான். ஏசுவுக்க பாடுகளுக்க காலம்லா. கடைசி ரெண்டு வாரம் ஊதாத் துணி போட்டு மூடிக் கெட்டிருவோம். ஈஸ்டர் ராத்திரி பூசைலதான் தெறப்போம்.” அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க சிஎஸ்ஐயா?”

“ஆமா.”

“பின்ன எப்பிடித் தெரியும்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு சபைக்காரர்களுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்து, கிறிஸ்மஸ் கேக்கை இரண்டு பக்கமும் வாங்கித் தின்ற எனக்கும் இது தெரியாது. வக்கீல் செல்வதாஸுக்கும் தெரியாது. கேசை எழுதிய இன்ஸ்பெக்டர் மதுரைப் பக்கத்து ஆள், அவருக்கு யார் சொல்லப்போகிறார்கள்? தெரிந்தவர்களோ, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

“அப்பம் வெளக்கு வெட்டத்துல மின்ன முடியாதே,” என்று நான் முணுமுணுத்தேன். அக்கா மறுபடியும் காலை மிதித்தார். அன்றைக்கு அந்தக் கால் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

“சரி, கள்ளன் துணியத் தூக்கிட்டு எடுத்திருப்பான்,” என்றார் அக்கா.

“எடுத்திட்டுப் பழையபடி கெட்டியும் வெச்சிருக்கான் பாருங்க. திமிரு பிடிச்சவன்.”

“ஈஸ்டர் அன்னைக்கு முடிச்ச அவுத்தது நீங்கதானா?”

“அவுக்கவா?” அல்போன்ஸ் சிரித்தார். “அது அவுருத முடிச்சா? வள்ளத்தக் கரைல கெட்டுத முடிச்சுல்லா. நகம் பேந்துட்டு. கடைசில கத்தி வெச்சி அறுத்தேன்.”

“ஒங்க முடிச்சா?”

“எனக்கு இந்த முட்டு வெச்சிக்கிட்டு ஏணில ஏற முடியுமா? இந்த வருசம் சகாயந்தான் ஏறினாரு. நம்ம செக்கரட்டரி. நான் கீழ நின்னு மத்த சுரூபங்களுக்குத் துணி வெட்டிக் குடுத்துட்டு வெளிய போயிட்டேன். அவரு வள்ளக்காரரு, அவருக்குத் தெரிஞ்ச முடிச்சுதானே போடுவாரு.”

அக்கா சட்டென்று பேச்சை மாற்றினார். “இன்னொண்ணு மட்டும் அண்ணே. வியாழன் ராத்திரி பூசை முடிஞ்சி நீங்க வீட்டுக்கு எதையாவது கொண்டு போனியளா?”

“பீடத்துணி கொண்டு போனேன். வியாழன் ராத்திரி பீடத்துல உள்ள துணியெல்லாம் உரிஞ்சி எடுத்திரணும், வெள்ளிக்கிழம பீடம் வெறுமையாட்டு கெடக்கணும். வருசா வருசம் நான்தான் அலக்கிப் போடுதேன்.”

“கைல தூக்கிட்டா?”

“நெஞ்சோட சேத்துப் பிடிச்சிட்டு. பூசைத் துணில்லா, தரைல படப்பிடாது.”

“கொள்ளாம், நல்ல காரியம்,” என்றார் அக்கா. பிறகு, “அண்ணே, ஒரு சட்டையப் போட்டுட்டு வாங்க. அந்தப் பய எப்பிடி எடுத்தான்னு அவன் வாயாலயே கோர்ட்டுல கேக்கலாம்,” என்று கூப்பிட்டார். அல்போன்ஸ் மெழுகைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். அந்த முட்டுவலியோடு அவ்வளவு வேகம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து சகாயத்தின் வீடு. கடலைப் பார்த்த மாடி வீடு, போர்ட்டிகோவில் கார். வாசலில் வெள்ளை வேட்டியோடு வந்து கும்பிட்டார். அக்கா செருப்பைக் கழற்றவும் இல்லை, உட்காரவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி.

“மாதாவுக்குத் துணி கெட்டினியல்லா, அப்பம் கிரீடம் தலைல இருந்துச்சா?”

சகாயம் திரும்பி வீட்டுக்குள்ளே பார்த்தார். அக்கா என்னை நோக்கி, “மணி, வண்டிய நெழல்ல போடு,” என்றார். வண்டி ஏற்கெனவே நிழலில்தான் நின்றது. இருந்தாலும் நான் போய் அதற்குப் பக்கத்தில் நின்றேன். உதவியாளனாக இருப்பதில் உள்ள பெரிய துக்கம் இதுதான், கதையின் நல்ல இடம் வரும்போது வண்டியைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் சகாயம் காரை எடுத்தார். முன்சீட்டில் அல்போன்ஸ், பின்சீட்டில் அக்கா. அக்கா மடியில் நாகர்கோவில் பேக்கரி அட்டைப்பெட்டி ஒன்று. கேக் என்று நினைத்தேன். இந்த நேரத்திலும் இவருக்குக் கேக்கா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பின்னால் ஸ்கூட்டரில் வந்தேன்.

கோர்ட் வராந்தாவில் அக்காவைத் தனியே மடக்கினேன்.

“அக்கா, கத்தி வெச்சி அறுக்கணும்னா முடிச்சை எடையில ஒருத்தனும் அவுக்கல்ல. அப்பம் கிரீடம் துணிக்கு உள்ள இல்லவே இல்ல. துணி கெட்டினப்பமே போயாச்சு. வியாழன்கெழமைக்குக் கேசே இல்லை. சரியா?”

“பரவாயில்லையே. வண்டிக்குப் பக்கத்துல நின்னா ஒனக்கு மூளை வேலை செய்யிது.”

“பின்ன எதுக்கு இன்னும் சும்மா இருக்கிய? செல்வதாஸ் சாரிட்ட சொல்லுங்க. சார்ஜ் வாசிக்கதுக்கு முன்னயே நிறுத்தி அவன விடுவிக்கச் சொல்லலாம்லா?”

“வாசிக்கட்டு,” என்றார் அக்கா.

“அவன் ‘ஆமா’ன்னு சொல்லிருவான்.”

“சொல்லட்டு.”

அன்றைக்கு முதல்முறையாக எனக்கு அக்கா மேல் உண்மையிலேயே கோபம் வந்தது. ஒரு பையனின் வாழ்க்கை ஒரு வார்த்தையில் தொங்குகிறது, இவர் பேக்கரிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அக்கா என்னைக் கவனிக்காமல் செல்வதாஸிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். செல்வதாஸ் முதலில் மாட்டேன் என்று தலையாட்டி, பிறகு ஒத்துக்கொண்டார்.

வழக்கு கூப்பிட்டார்கள். டெனிஷ் கூண்டில் ஏறினான். அரசு வக்கீல் ஜெனோ கட்டைப் பிரித்து வைத்தார். நடுவர் அம்மா இருபக்கமும் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார். செல்வதாஸ் ஒன்றும் இல்லை என்றார். குற்றச்சாட்டை எழுதி, நிறுத்தி நிதானமாக வாசித்தார் நடுவர்.

“திற்பரப்பைச் சேர்ந்த டெனிஷ் ஆகிய நீர், இந்த ஆண்டு பெரிய வியாழக்கிழமை இரவு, சங்குவிளை மாதா ஆலயத்துக்குள் அத்துமீறி நுழைந்து, மாதா சுரூபத்தின் தலையில் இருந்த கிரீடத்தைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்படுகிறீர். புரிந்ததா?”

“புரிஞ்சிது.”

“குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா, விசாரணை கோருகிறீரா?”

பின் வரிசையில் அபினா என் கையைப் பிடித்து நெரித்தாள். டெனிஷ் ஒருமுறை அல்போன்ஸ் இருந்த பக்கம் பார்த்தான்.

“ஆமா. ஒத்துக்கிடுதேன்.”

அல்போன்ஸ் திருப்தியோடு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். செல்வதாஸ் எழுந்தார். “அம்மா, என் கட்சிக்காரர் என் ஆலோசனையை மீறி ஒப்புக்கொள்கிறார். பதிவு செய்வதற்கு முன், என்ன செய்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டுகிறேன்.”

நடுவர் டெனிஷைப் பார்த்தார். “சொல்லுங்க. பயப்படாம சொல்லுங்க.”

டெனிஷ் சொன்னான். விளக்கு வெளிச்சம், மின்னிய கிரீடம், ஆசை, ஸ்டூல். காலையில் எங்களிடம் சொன்னதில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் இந்த முறை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு. சிலுவை போட்ட அல்போன்ஸின் கை நெஞ்சிலேயே நின்றது. சங்குவிளையில் இருந்து வந்த நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரசு வக்கீல் ஜெனோ கட்டை மூடிவிட்டு, “தலையில மின்னினதை நீயே பாத்தியா?” என்று கேட்டார்.

“பாத்தேன் சார். நல்லா மின்னிச்சி.”

ஜெனோ முகத்தில் ஓடியதை நான் ரசித்துப் பார்த்தேன். மனிதர் கத்தோலிக்கர், அதுவும் கடற்கரை. கேசை ஜெயித்துத் தரும் வாக்குமூலம் தட்டில் வைத்து வந்திருக்கிறது, அதை அவரே தட்டிவிட வேண்டும். ஆனால் நேர்மையான ஆள்.

“அம்மா,” என்றார். “பெரிய வியாழன் அன்னைக்கு எங்க கோயில்கள்ல எந்தச் சுரூபமும் கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு வாரமா துணி போட்டு மூடியிருக்கும். இவர் சொல்றதை இவர் பாத்திருக்க முடியாது.”

கோர்ட்டில் சலசலப்பு. நடுவர் பேனாவால் மேசையைத் தட்டினார். டெனிஷைப் பார்த்து, “செய்யாததைச் செய்ததாக இந்தக் கோர்ட் எழுதிக்காது,” என்றார். ஒப்புதலை ஏற்காமல், வழக்கை விசாரணைக்குப் பதிவு செய்தார். டெனிஷுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. பொய் சொல்லி மாட்டியவன் போல முழித்தான். அவன் அதைத்தான் செய்திருந்தான் என்பது வேறு விஷயம்.

அப்போது சகாயம் எழுந்து போய் அட்டைப்பெட்டியை ஜெனோ முன்னால் வைத்தார். ஜெனோ திறந்தார். கேக் இல்லை. வெள்ளியும் பொன்முலாமுமாக மாதாவின் கிரீடம், அன்றைக்கு உண்மையாகவே மின்னியது.

சகாயத்தின் கதை ரொம்பச் சின்னது. துணி கட்ட ஏணியில் ஏறினார், கை பட்டுக் கிரீடம் கீழே விழுந்து இரண்டு முனை ஒடிந்தது. அல்போன்ஸ் அப்போது வெளியே போயிருந்தார். ஈஸ்டருக்குள் ஒட்டவைத்து மாட்டிவிடலாம் என்று நாகர்கோவிலில் ஓர் ஆசாரியிடம் கொடுத்தார், மொட்டைத் தலையை மறைத்துத் துணியைக் கட்டினார். ஆசாரி ஈஸ்டருக்கு முடிக்கவில்லை. பூசையில் ஊரே ‘களவு, களவு’ என்று கூவியது. செக்கரட்டரி அந்த ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டார். அடுத்த நிமிடம் புகாரில் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்கள். உடைத்ததைச் சொன்னால் அரைமணி நேர வசவு. சொல்லாததால் ஒரு பையன் கூண்டில் நின்றான், இவர் வீட்டு அலமாரியில் கிரீடம் இருந்தது. பொய்ப் புகார் கொடுத்ததற்கு இனி அவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். சொல்லட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அக்காவைப் பிடித்தேன். “கிரீடம் மடியில இருந்துச்சி. வாசிக்கதுக்கு முன்னயே நிறுத்தியிருக்கலாம். எதுக்கு அந்தப் பெண்ணை இப்பிடி நடுங்க வெச்சிய? எனக்க கை வீங்கிட்டு.”

“கேளு. சார்ஜ் வாசிக்கதுக்கு முன்ன அரசு வக்கீல் கேசத் திரும்ப எடுத்தா அதுக்குப் பேரு விடுவிப்பு. இன்னைக்கு விடுவாங்க, நாளைக்கு வேற ஒரு கதையோட வந்து, இவனும் கூட்டுன்னு சொல்லித் திரும்பப் பிடிக்கலாம். சார்ஜ் வாசிச்ச பெறகு திரும்ப எடுத்தா அது விடுதலை. அதே குற்றத்துக்கு இனி ஒருத்தனும் அவனத் தொட முடியாது. விசாவ வெச்சிட்டு நிக்கித பயலுக்கு எது வேணும், நீ சொல்லு.”

ஜெனோவும் அதைத்தான் செல்வதாஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போலீசின் மறு அறிக்கை வந்ததும் வழக்கை அரசுத் தரப்பே திரும்பப் பெறும், அது விடுதலையாகத்தான் முடியும் என்று.

“நடுவர் அம்மா ஒண்ணும் கேக்காம ‘ஆமா’வ எழுதிருந்தா?” என்றேன்.

“அந்த அட்டைப்பெட்டியத் தொட்டுப் பாரு. எனக்க கை வேர்வைல நனைஞ்சி போச்சி,” என்றார் அக்கா. தொடப் பெட்டி இல்லை, கோர்ட்டில் இருந்தது. ஆனால் அவர் குரலைக் கேட்டே நம்பினேன்.

டெனிஷ் படியிறங்கி வந்தான். அவனுக்கு முன்னால் அல்போன்ஸ் குறுக்கே வந்து நின்றார். அபினா நடுவில் பாயப் பார்த்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏலே,” என்றார் அல்போன்ஸ். “எடுக்காதவன் எதுக்கு எடுத்தேன்னு சொன்னே? கோர்ட்டுல நின்னு மாதா பேர்ல கள்ளம் சொல்லுதியா?”

டெனிஷ் அக்காவைப் பார்த்தான். “சொல்லு மக்கா,” என்றார் அக்கா. “இனி மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல.”

“வியாழன் ராத்திரி மதிலுக்குப் பக்கத்துல நின்னேன்,” என்றான் டெனிஷ். “மாமா கோயில்ல இருந்து ஒரு துணிக்கெட்ட நெஞ்சோட சேத்துப் பிடிச்சிட்டு இருட்டுல போனிய. ரெண்டு நாளு கழிச்சிக் கிரீடத்தக் காணல்லன்னு சொன்னாவ.”

“அது பீடத்துணிலே. அலக்கக் கொண்டு போனேன்.”

“எனக்குத் தெரியாதே. எங்க சர்ச்சுல அப்பிடி ஒண்ணும் கெடையாது.”

அல்போன்ஸின் முகம் சிவந்தது. “அப்பம் என்னைக் கள்ளன்னு நெனச்சே.”

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்லி வந்த களைப்போ என்னவோ, பையன் உண்மையைச் சொன்னான். “ஆமா மாமா.”

“கள்ளன்னு நெனச்சிட்டா எனக்காவ ஜெயிலுக்குப் போவ நின்னே?”

“விசாரணை நடந்தா ஒங்களக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேப்பாவ. நீங்க மாட்டிருவிய. அபினா அத அங்க நின்னு பாக்கணும். அதுக்கு நான் போறது நல்லதுன்னு நெனச்சேன்.”

அல்போன்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கோர்ட் படியில் மெல்ல உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். கேலி பேசியே பழகிய நானும் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அபினா அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஏட்டி,” என்றார் அவர், துண்டை எடுக்காமலே. “இந்தப் பயலுக்க முழுப்பேரு என்ன?”

“எதுக்குப்பா?”

“கிரீடத்த எடுத்த பய நாசமாப் போவணும்னு நாலு மாசமா மாதாகிட்ட தெனமும் கேட்டுட்டு வாறேன். இன்னைக்குப் போயி அத மாத்திக் கேக்கணும். பேரத் தப்பாச் சொல்லிரப்பிடாது.”